காய்ச்சல் நின்றது, மாத்திரையை நிறுத்தலாமா?

(நம் சங்கத்தின் மழைக்கால நலக் கூட்டத்தில், சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் நம் வளாகத்தில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியர்.)



"மழை வரப் போகிறது, கொசுவைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள் சார்" என்றுதான் நம் செயலாளர் கேட்டார். கொசு விரட்டுவதில் இந்தக் கூடத்தில் இருக்கும் எல்லோருமே அனுபவசாலிகள். அதனால் அதை விட்டுவிட்டு, கொசு கடித்து மலேரியா வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். குறிப்பாக ஒரு கேள்வி: மருந்து சாப்பிட்டும் மலேரியா சிலருக்கு ஏன் தீருவதில்லை?

"மாத்திரை வேலை செய்யலை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். மாத்திரையை முழுதாகச் சாப்பிடாமல் இருந்திருக்கலாம். மாத்திரையே போலியாக இருக்கலாம். கல்லீரலில் ஒளிந்திருந்த கிருமி மறுபடி எழுந்திருக்கலாம். அல்லது கிருமியின் மரபணு மாறி, அந்த மருந்துக்கு அது அடங்காததாக ஆகியிருக்கலாம். முதல் மூன்றும் பெரும்பாலும் அந்த நோயாளியோடு நிற்கும். நான்காவது அப்படி நிற்காது. ஒருவர் ரத்தத்தில் தோன்றி, கொசு வழியாக ஊருக்குப் போய், கண்டம் விட்டுக் கண்டம் தாண்டும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரே ஓர் எழுத்து

மலேரியாவை உண்டாக்குவது பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. பிளாஸ்மோடியம் என்ற ஒட்டுண்ணி. அதில் நமக்கு முக்கியமானவை இரண்டு வகை: உயிரைப் பறிக்கக்கூடிய பால்சிபாரம், திரும்பத் திரும்ப வரும் வைவாக்ஸ். சென்னையில் பெரும்பாலும் காண்பது வைவாக்ஸ். உலகில் அதிக உயிர்களை எடுப்பது பால்சிபாரம். 2023-இல் மட்டும் மலேரியாவால் சுமார் 5,97,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் வாழும் சின்னக் குழந்தைகள்.

பால்சிபாரத்தின் மரபணுத் தொகுப்பு சுமார் 2 கோடியே 30 லட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுண்ணி பெருகும்போதெல்லாம் இந்தப் புத்தகம் முழுதும் படி எடுக்கப்படுகிறது. படி எடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து தவறும். மிக மிக அபூர்வமாகத்தான். ஆனால் கடுமையாக நோயுற்றவர் உடலில் இருக்கும் ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை 10,000 கோடியைத் தொடலாம், அதற்கு மேலும் போகலாம். அத்தனை பிரதிகளில், எந்த இடத்தில் வேண்டுமானாலும் எழுத்துப் பிழை உள்ள ஒரு பிரதி எங்கோ இருந்தே தீரும்.

பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆவதில்லை, அல்லது ஒட்டுண்ணிக்கே கெடுதல். ஆனால் நம் தமிழிலேயே பாருங்கள், "மருந்து" என்ற சொல்லில் முதல் எழுத்தை மட்டும் மாற்றினால் "விருந்து" ஆகிவிடுகிறது. அர்த்தம் தலைகீழ். அப்படி அர்த்தத்தையே மாற்றிவிடும் பிழைகள் சில உண்டு.

இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள். மருந்து இந்த மாற்றத்தை உண்டாக்குவதில்லை. மாறிய ஒட்டுண்ணி தற்செயலாக ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அரைகுறை மருந்து செய்வது, மற்ற எல்லாவற்றையும் கொன்று அதற்கு இடம் காலி செய்து கொடுப்பது.

குளோரோகுயின் கதை

குளோரோகுயின் 1934-இல் ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட மருந்து. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உலகம் முழுவதும் பரவியது. விலை மலிவு, பக்க விளைவு குறைவு, மூன்று நாளில் நோய் தீர்ந்துவிடும்.

அது வேலை செய்யும் விதம் சுவாரசியமானது. ஒட்டுண்ணி நம் சிவப்பணுவுக்குள் உட்கார்ந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. அப்போது ஹீம் என்ற இரும்புச்சத்துள்ள கழிவு மிஞ்சுகிறது. அது ஒட்டுண்ணிக்கே விஷம். அதனால் ஒட்டுண்ணி அதைக் கட்டியாக உறைய வைத்து, தன் செரிமானப் பையின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறது. குளோரோகுயின் அந்தப் பைக்குள் போய், கழிவு உறையாமல் தடுக்கிறது. தன் குப்பையின் விஷத்தாலேயே ஒட்டுண்ணி சாகிறது. நம் வளாகத்தில் நான்கு நாள் குப்பை வண்டி வராவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

அந்தப் பையின் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. அதன் 76-ஆவது இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் அங்கே திரியோனின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இத்துடன் கூடவே வேறு சில மாற்றங்களும் சேரும்போது, அந்தப் புரதம் குளோரோகுயினைப் பையிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. மருந்து நோயாளியின் ரத்தத்தில் இருக்கும், ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. இந்த மரபணுவை 2000-ஆம் ஆண்டில்தான் கண்டுபிடித்தார்கள்.

நோயாளிகளிடம் எதிர்ப்பு தெரிய வந்ததோ 1950-களின் இறுதியிலேயே, தாய்லாந்து-கம்போடியா எல்லையிலும் தென்னமெரிக்காவின் கொலம்பியாவிலும். இந்தியாவில் முதலில் பதிவானது 1973-இல், அசாமின் கர்பி ஆங்லாங் மாவட்டத்தில். 1970-களின் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. ஆப்பிரிக்காவில் பரவிய மரபணுவின் சாயலைப் பார்த்தால், அது அங்கே புதிதாகப் பிறந்ததில்லை, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து போனது என்று தெரிகிறது. மனிதர்கள் பயணம் செய்தார்கள், அவர்கள் ரத்தத்தில் அதுவும் பயணம் செய்தது.

அதன் விலை என்ன? மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் சில கிராமப் பகுதிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். குளோரோகுயின் எதிர்ப்பு வந்து சேர்ந்த பிறகு, அங்கே மலேரியாவால் இறக்கும் குழந்தைகளின் விகிதம் குறைந்தது இரு மடங்கானது. ஓரிடத்தில் ஐந்து மடங்கைத் தாண்டியது. அதே கிராமம், அதே கொசு, அதே மாத்திரை. ஒட்டுண்ணியில் சில எழுத்துகள்தான் மாறியிருந்தன.

மலாவி தந்த நம்பிக்கை

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆப்பிரிக்காவின் மலாவி நாடு 1993-இல் குளோரோகுயினைக் கைவிட்டு வேறு மருந்துக்கு மாறியது. 1992-இல் அங்கே பரிசோதித்த ஒட்டுண்ணிகளில் 85 சதவீதத்தில் அந்த 76-ஆம் இட மாற்றம் இருந்தது. 2000-இல் அது 13 சதவீதமாகக் குறைந்தது. பிறகு குழந்தைகளிடம் நடத்தி 2006-இல் வெளியான ஆய்வில், குளோரோகுயின் 99 சதவீதம் வேலை செய்தது!

ஏன் என்றால், மருந்து இருக்கும்வரைதான் மாறிய ஒட்டுண்ணிக்கு லாபம். மருந்து இல்லாத ஊரில் அந்த மாற்றமே அதற்குச் சுமை. பழைய, மாறாத ஒட்டுண்ணி அதை முந்திவிடுகிறது. அதாவது, மருந்தை நாம் பயன்படுத்தும் விதம்தான் எந்த ஒட்டுண்ணி பிழைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

மலாவி மாறிய அந்த வேறு மருந்து சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின். அதன் கதியும் நல்லபடியாக இல்லை. அது ஒட்டுண்ணி ஃபோலேட் தயாரிப்பதைத் தடுக்கும் மருந்து. அதற்கு எதிராக மாற்றங்கள் படிப்படியாகச் சேர்ந்தன. ஒரு மாற்றம் வந்தால் மருந்து கொஞ்சம் மங்கும், மூன்று சேர்ந்தால் தடுமாறும், இன்னும் இரண்டு சேர்ந்தால் கைவிட வேண்டியதுதான். குளோரோகுயின் 99 சதவீதம் பலித்த அதே மலாவி ஆய்வில் இந்த மருந்து பலித்தது 21 சதவீதம் மட்டுமே.

மூன்று நாள் மருந்து

இப்போது உலகம் நம்பியிருப்பது ஆர்ட்டிமிசினின் குடும்ப மருந்துகளை. சீனாவின் தூ யூயூ ஒரு மூலிகைச் செடியிலிருந்து இதைப் பிரித்தெடுத்ததற்காக 2015-இல் நோபல் பரிசு பெற்றார். வேகத்தில் இதற்கு இணை இல்லை. ஆனால் சில மணி நேரத்தில் உடலை விட்டுப் போய்விடும். அதனால்தான் நீண்ட நாள் உடலில் தங்கும் இன்னொரு மருந்தோடு சேர்த்து, கூட்டு மருந்தாக மூன்று நாள் தருகிறார்கள். இந்தியாவின் பெரும்பகுதியில் பால்சிபாரத்துக்கு ஆர்ட்டிசுனேட்டுடன் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் தரும் முறை வந்தது. வடகிழக்கு மாநிலங்களில் அந்தத் துணை மருந்து தோற்றதால், 2013-இல் அங்கே ஆர்ட்டிமெத்தர்-லூமிஃபான்ட்ரின் என்று மாற்றினார்கள்.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பார்கள். அதற்கு மேல் வேண்டாம் என்பது பழமொழி. அதற்குக் குறையவும் கூடாது என்பது மலேரியா. ஒரு கணக்கு சொல்கிறேன்.

உடலில் 10,000 கோடி ஒட்டுண்ணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பால்சிபாரத்தின் ஒரு வாழ்க்கைச் சுற்று சுமார் இரண்டு நாள். ஆர்ட்டிமிசினின் ஒரு சுற்றில் பத்தாயிரத்தில் ஒன்றை மட்டும்தான் மிச்சம் வைக்கும். அப்படியானால் முதல் சுற்றில் மிஞ்சுவது ஒரு கோடி. இந்த நிலையில் காய்ச்சல் போய்விடும். பசி எடுக்கும். ரத்தத்தை ஸ்லைடில் தடவிப் பார்த்தால்கூட அநேகமாக ஒன்றும் தெரியாது. "எல்லாம் சரியாப் போச்சு" என்று அட்டையை அலமாரியில் வைத்துவிடத் தோன்றும். ஆனால் உள்ளே ஒரு கோடி இருக்கிறது!

மூன்றாம் நாள் மருந்து அடுத்த சுற்றையும் தொடுகிறது. அந்த ஒரு கோடி ஆயிரமாகிறது. மிச்சமுள்ள ஆயிரத்தைத் துடைத்து எடுப்பது உடலில் தங்கியிருக்கும் துணை மருந்தின் வேலை. மூன்று நாள் என்பது யாரோ வசதிக்காக வைத்த எண் இல்லை. காய்ச்சலை இறக்குவது முதல் நாள் மாத்திரை. நோயை முடிப்பது மூன்றாம் நாள் மாத்திரை.

இரண்டு மருந்து எதற்கு என்பதும் இதே கணக்குதான். ஒரு மருந்துக்குத் தப்பும் ஒட்டுண்ணி கோடி கோடியில் ஒன்று இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தப்பும் ஒட்டுண்ணி தற்செயலாகத் தோன்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். அதனால்தான் ஆர்ட்டிமிசினின் மாத்திரையைத் தனியாக விற்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வலியுறுத்தியது.

அதற்குள் சேதம் தொடங்கிவிட்டிருந்தது. கம்போடியாவின் மேற்கு எல்லையில் பைலின் என்ற ஊர். அங்கே இந்த மருந்தைப் பல ஆண்டுகள் தனியாகவும், அளவு குறைத்தும் சாப்பிட்டு வந்தார்கள். போதாததற்குப் போலி மருந்து வேறு. 2000-ஆம் ஆண்டையொட்டித் தென்கிழக்கு ஆசியக் கடைகளில் வாங்கிச் சோதித்த ஆர்ட்டிசுனேட்டில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் போலி. 2009-இல் வெளியான ஆய்வில், ரத்தத்திலிருந்து ஒட்டுண்ணி மறைய தாய்லாந்தின் ஓர் ஊரில் 48 மணி நேரம் ஆனது, பைலினில் 84 மணி நேரம் ஆனது.

காரணமான மரபணு பிறகு தெரிய வந்தது. அதற்குக் கெல்ச் 13 என்று பெயர். ஆர்ட்டிமிசினின் உடலுக்குள் வந்ததும் வேலை செய்யாது. ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்னும்போது வரும் இரும்புச்சத்துதான் அதைத் தூண்டிவிடுகிறது. கெல்ச் 13 மாறிய ஒட்டுண்ணி, தன் இளம்பருவத்தில் குறைவாகச் சாப்பிடுகிறது. வாயைக் கட்டிக்கொண்டு, மருந்து உடலை விட்டுப் போகும்வரை காத்திருக்கிறது. "லங்கணம் பரம ஔஷதம்" என்று நம் பாட்டி சொன்னதை அது நம்மைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது.

இதில் துணை மருந்தும் தோற்றால் சிகிச்சையே தோல்வி. கம்போடியாவில் பிப்பராகுயின் என்ற துணை மருந்துக்கு அதுவும் நடந்தது. இப்போது ருவாண்டா, உகாண்டா, எரித்ரியா ஆகிய ஆப்பிரிக்க நாடுகளில் கெல்ச் 13 மாற்றங்கள் காணப்படுகின்றன. ருவாண்டாவில் கண்டது ஆசியாவிலிருந்து போனதில்லை, அங்கேயே தோன்றியது. அங்கே கூட்டு மருந்துகள் பெரும்பாலும் இன்னும் நோயைத் தீர்க்கின்றன. ஆனால் செனகல் கிராமங்களில் நடந்ததை அறிந்தவர்கள் நிம்மதியாக இல்லை.

எல்லாத் தோல்வியும் எதிர்ப்பு இல்லை

நம் ஊருக்கு வருவோம். சென்னையில் ஒருவருக்கு மலேரியா சில வாரமோ சில மாதமோ கழித்துத் திரும்ப வந்தால், உடனே மரபணு மாற்றம் என்று பயப்பட வேண்டாம். வைவாக்ஸ் ஒட்டுண்ணியில் ஒரு பகுதி கல்லீரலில் உறங்கிக் கிடக்கும். குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதை மட்டும் கொல்லும். உறங்குவதைக் கொல்ல பிரைமாகுயின் என்ற மாத்திரை 14 நாள் தருவார்கள். காய்ச்சல் மூன்றாம் நாளே போய்விடுவதால், பலர் அந்த 14 நாளை முடிப்பதில்லை. இங்கே மட்டும் பழமொழியை மறந்துவிடுங்கள்.

முழுதாகச் சாப்பிட்டும் சிலருக்குத் திரும்பும். இதிலும் ஒரு மரபணு இருக்கிறது, ஆனால் அது ஒட்டுண்ணியுடையது இல்லை, நம்முடையது. பிரைமாகுயினைச் செயல்பட வைக்கும் கல்லீரல் நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தமாக இருக்கும். இன்னொரு நொதி, ஜி6பிடி, குறைவாக உள்ளவர்களுக்கோ இந்த மாத்திரையால் சிவப்பணுக்கள் உடையும். கர்ப்பிணிகளுக்கும் இதைத் தரக் கூடாது. அதனால் பக்கத்து வீட்டில் மிஞ்சிய பிரைமாகுயினை வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று: குளிரும் காய்ச்சலும் வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு மாத்திரை. எந்த வகை ஒட்டுண்ணி என்று தெரியாமல் சரியான மருந்தைத் தர முடியாது. அரசு சுகாதார நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இரண்டு: ஒடிசா, வடகிழக்கு, ஆப்பிரிக்கா என்று எங்கே போய் வந்திருந்தாலும் மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். எந்த ஊர் ஒட்டுண்ணி என்பதைப் பொறுத்து மருந்து மாறும்.

மூன்று: மாத்திரையை முடியுங்கள். ஆர்ட்டிமெத்தர்-லூமிஃபான்ட்ரின் கொடுத்தால் மூன்று நாளில் ஆறு வேளை. அதைப் பாலோடு, அல்லது கொஞ்சம் கொழுப்புள்ள உணவோடு சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் லூமிஃபான்ட்ரின் உடலில் சரியாகச் சேராது. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூன்று நாள் கழித்தும் காய்ச்சல் இருந்தால் மறுபடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

நான்கு: நம் வளாகத்தில் வேலை செய்யும் காவலர்கள், வீட்டு வேலைக்கு வருபவர்கள், கட்டட வேலைக்கு வெளி மாநிலத்திலிருந்து வந்திருப்பவர்கள். அவர்களுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நாள் கூலி போகும் என்று பரிசோதனைக்கே போக மாட்டார்கள். காய்ச்சல் இறங்கியதும் வேலைக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்குச் சம்பளத்தோடு மூன்று நாள் விடுப்பு தருவது என்று சங்கம் ஒரு முடிவு எடுத்தால், இன்று நான் பேசியதைவிட அது பெரிய காரியம்.

ஐந்து: மொட்டை மாடித் தொட்டிகளின் மூடி. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. மூடாத மேல்நிலைத் தொட்டி, கிணறு போன்ற நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. எந்த மருந்துக்கும் அடங்காத ஒட்டுண்ணியாக இருந்தாலும், அடுத்த ஆளுக்குப் போக அதற்கு ஒரு கொசு வேண்டும்.

கூட்டத்தில் கேட்ட இரண்டு கேள்விகள்

"என் மகன் வேலைக்காக உகாண்டா போகிறான். முன்னெச்சரிக்கையாகக் குளோரோகுயின் கொடுத்து அனுப்பலாமா சார்?"

வேண்டாம் அம்மா. குளோரோகுயினை நம்பி அங்கே போக முடியாது. புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே பயண மருத்துவம் தெரிந்த மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நாட்டுக்கு ஏற்ற தடுப்பு மாத்திரையை எழுதித் தருவார். திரும்பி வந்து பல மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் உகாண்டா போன விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

"நான் ஒருவன் இரண்டு மாத்திரையை விட்டால் உலகமே கெட்டுவிடுமா சார்?"

அநேகமாகக் கெடாது. உங்களுக்கு நோய் திரும்பும், அவ்வளவுதான். ஆனால் இன்று நான் சொன்ன ஒவ்வொரு எதிர்ப்பும் முதலில் யாரோ ஒருவர் ரத்தத்தில்தான் தொடங்கியது. அவர் யாரென்று அவருக்கே தெரியாது. அந்த ஒருவர் நாமாக இல்லாமல் இருக்க, அட்டையில் மிச்சமுள்ள மாத்திரைகளைச் சாப்பிட்டு முடித்தால் போதும்.

வெளியே சுக்குக் காபி தயாராக இருக்கிறது என்று சொன்னார்கள்.